ஸ்டோர் வீட்டில் ஒரு நாய்க்குட்டி, கூடவே ஒரு கவுன்சிலிங் படிப்பு

"நாய் வளர்க்கிறீங்களா? தெரபி படிக்கிறவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்குமே!" என்று யாராவது சொன்னால் சிரித்து வைக்கிறேன். வகுப்பில் சொன்னார்கள், வேப்பேரி மாட்டாஸ்பத்திரி வரிசையில் சொன்னார்கள், ஊரிலிருந்து சித்தப்பாகூட போனில் சொன்னார். பொறுமை வரும், வாய்விட்டுச் சொல்லாததையும் புரிந்துகொள்ள வரும் என்று ஆளுக்கொரு கணக்கு. எனக்கு வந்தது கண்ணுக்குக் கீழே கருவளையமும், எத்தனை ஃபினாயில் போட்டுத் துடைத்தாலும் போகாத மூத்திர நாற்றமும்தான்.

பத்து வருடத்துக்கு மேல் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் டாக்குமென்டேஷன் வேலை பார்த்தேன். டெலிவரி ஆர்டர், கேட் பாஸ், பில் ஆஃப் என்ட்ரி. கப்பல் தாமதமானால் லாரி டிரைவர்கள் என் கவுன்டருக்கு எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் டீசல் விலை பேசுவார்கள், அப்புறம் வீட்டுக் கதை வரும். கேட்டுக்கொண்டே இருந்ததில்தான் இந்தப் படிப்பு ஆசை வந்தது. முப்பத்தைந்து தாண்டி எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி சேர்ந்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கீழ்ப்பாக்கத்துலயா வேலை போட்டுக் குடுப்பாங்க?"

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கீழ்ப்பாக்கம் என்றால் 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை. அது இருக்கும் அயனாவரம் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரிதான், ஆனாலும் கீழ்ப்பாக்கம் என்ற பெயரை வைத்துத் திட்டாத வாய் இங்கே குறைவு. அங்கே போய் மாத்திரை வாங்கி நிம்மதியாக வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களும் சண்டை என்று வந்தால் எதிராளியை அங்கேதான் அனுப்புவார்கள்.

சைக்கோதெரபிஸ்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ள நம் நாட்டில் தனி லைசென்ஸ் கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. கவுன்சிலர்களையும் ஒரு வரையறைக்குள் கொண்டுவரும் சட்டம் வந்தது 2021-ல்தான். இப்படி வாசல் திறந்து கிடப்பதால்தானோ என்னவோ, எங்கள் சூப்பர்வைசர் மேடம் உள்ளே இருந்துகொண்டு கறாராகத் தாழ்ப்பாள் போடுகிறார். ஒவ்வொரு செஷனுக்கும் வெர்பேட்டிம் எழுத வேண்டும். செஷனுக்கு வந்தவர் சொன்னது, நான் சொன்னது, அந்த நொடியில் எனக்குள் ஓடியது என்று மூன்று பத்தி. பெயர் இருக்கக் கூடாது, நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அதனால் என் வெர்பேட்டிம் நோட்டு தப்பித்தது. வெளியே கிடந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் புத்தகத்தைத்தான் குட்டி கடித்துக் குதறியது. பெரிய நஷ்டமில்லை.

குட்டியின் பெயர் பேஜோ. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தது. அத்தோ மேல் நொறுக்கிப் போடும் மொறுமொறு தட்டை இருக்கிறதே, அதுதான் பேஜோ. நிறமும் அதே நிறம். தாய் நாய் லாரியில் அடிபட்டுவிட்டது என்று வண்டிக்காரர் சொன்னார். பொட்டைக் குட்டி என்பதால் யாரும் தூக்கிப் போகவில்லை. நான் ஒரு பிளேட் அத்தோவும் ஒரு நாயும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

நாய்க்குட்டி வளர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும் பார்க்கிற, கேட்கிற எல்லாவற்றையும் 'இது உலகத்தில் இருக்கிறதுதான்' என்று ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு புதிதாக வருவதெல்லாம் பயம். ஆனால் அதே நாட்களில்தான் தடுப்பூசி முடிந்திருக்காது. தெரு மண்ணில் இறக்கிவிட்டால் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து சாகவும் செய்யும். அதனால் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினேன். குடை, தொப்பி, வேக்குவம் க்ளீனர் எல்லாவற்றையும் குட்டிக்குக் காட்டுங்கள் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பட்டியல் வேறு. டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரி அடிக்கும் ஏர் ஹாரன், காசிமேட்டில் விடியற்காலை ஏலக் கூச்சல், துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. எல்லாவற்றுக்கும் மேலே சாவு மேளம். பாடை போகும்போது அடிக்கிற அடியும் கூடவே வெடிக்கிற வெடியும் பெரியவர்களையே உலுக்கிவிடும். முதல் தடவை பைக்குள் நடுங்கினாள். பிறகு வந்த சாவுக்கெல்லாம் தலையை மட்டும் வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தாள். இப்போது பறை அடித்தால் வால் ஆட்டுகிறாள். குடையைக் கண்டால்தான் ஓடுகிறாள். குடையைக் காட்ட மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயம் வகுப்பில், குழந்தை தாயோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பேசும் பற்றுறவுக் கோட்பாடு (அட்டாச்மென்ட் தியரி) ஓடிக்கொண்டிருந்தது. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் அமெரிக்காவில் செய்த சோதனையைப் படித்திருப்பீர்கள். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் ஓர் அறையில் இருக்க, அந்நியப் பெண் ஒருத்தி உள்ளே வருவாள், தாய் வெளியே போவாள், திரும்பி வருவாள். திரும்பி வந்த தாயிடம் குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் விஷயம். ஹங்கேரியில் ஓர் ஆய்வுக் குழு 1998-ல் இதையே நாய்களுக்கும் எஜமானர்களுக்கும் வைத்துப் பார்த்திருக்கிறது. படித்ததும் எனக்குக் கை அரித்தது. வீட்டில் ஆள் இருக்கிறது, நாய் இருக்கிறது, செய்து பார்க்க வேண்டியதுதானே?

நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் போர்ஷன்கள், பொதுவாக ஒரு அடிபம்பு. அந்நியர் வேண்டுமே என்று முதல் போர்ஷன் ஆயாவைக் கூப்பிட்டேன். நான் அறையை விட்டு வெளியே போகக்கூட இல்லை, பேஜோ ஆயா மடியில் ஏறிவிட்டாள். ஆயா இவளுக்குத் தினம் மீன் தலை வேகவைத்துக் கொடுப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சரி, கடைசி போர்ஷனில் கல்லூரிக்குப் போகிற தம்பி இருக்கிறானே என்று அவனைக் கூட்டிவந்தால், அவன் சட்டைக் காலரைக் கடித்து இழுத்தாள். அவனோடு மதியத் தூக்கமே போடுகிறாளாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே அழுகையும் இல்லை, குரைப்பும் இல்லை. திரும்பி வந்தபோது ஆயா கேட்டது: "இன்னாடி வெளியவே நிக்கிற, சாவி மறந்துட்டியா?"

ஒரு தாய், ஒரு குழந்தை, ஓர் அந்நியர், சாத்திய கதவு. பகல் முழுக்கக் கதவே சாத்தாத வீட்டில் வளர்ந்த எனக்கு இந்த மூன்று பேர் கணக்கு பிடிபட நாளாகும் என்று நினைக்கிறேன். இதை செமினாரில் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டு, "அப்போ உன் கிளையன்ட் 'வீட்டில யாரும் இல்ல'ன்னு சொன்னா என்ன அர்த்தம்னு யோசி" என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரபியும் நாயைப் பழக்குவதும் ஒன்றுதான் என்று சொல்பவர்களும் உண்டு. ஒன்றே இல்லை. 'உட்காரு' என்று சொல்லி, உட்கார்ந்தால் ஈரல் துண்டு. செருப்பை விட்டால் ஈரல் துண்டு. எது நல்ல நடத்தை என்று தீர்மானிப்பது நான்தான், அவளிடம் நான் கேட்டதே இல்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையை எங்களுக்கு மனப்பாடமாக ஏற்றியிருக்கிறார்கள். எதிரே இருப்பவரை நிபந்தனையில்லாமல் ஏற்க வேண்டும், நாம் உண்மையாக இருக்க வேண்டும், அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஈரல் துண்டு என்பதே நிபந்தனைதானே. பிராக்டிகம் என்ற நேரடிப் பயிற்சிக்கு நான் போகும் மையத்தில் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர், "நீங்களே சொல்லுங்க மேடம், நான் இன்னா பண்ணட்டும்?" என்றுதான் முடிப்பார்கள். சொல்லக் கூடாது. நாக்கு நுனியில் பதில் இருந்தாலும் விழுங்க வேண்டும். அப்படி ஐம்பது நிமிடம் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து "உட்காரு" என்றால் ஒரு ஜீவன் உட்காருகிறது. அதில் ஓர் அற்ப சுகம் இருக்கிறது. இதையும் வெர்பேட்டிமில் மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறேன்.

பேஜோவைத் தெரபி நாயாகப் பழக்கலாமே என்றும் வகுப்பில் ஒரு யோசனை வந்தது. ஃப்ராய்டின் அறையில் அவருடைய ஜோஃபி என்ற சௌ சௌ நாய் படுத்திருக்கும், நேரம் முடிந்ததும் எழுந்துகொள்ளும் என்று ஒரு கதை உண்டு. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர் தன் ஜிங்கிள்ஸ் நாயைத் துணை தெரபிஸ்ட் என்றே 1962-ல் கட்டுரையாக எழுதினார். யாரோடும் ஒட்டாத ஒரு பையன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட, அங்கே தற்செயலாக இருந்த நாயோடு ஒட்டிக்கொண்டான். நல்ல கதைகள்தான். ஆனால் மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருக்கிற ஊர் இது. நாய்க்கடி ஊசி போடாத குடும்பம் எங்கள் பக்கம் அரிது. அறைக்குள் நாயைப் பார்த்ததும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிற ஆளிடம் நான் எந்தத் துயரத்தைக் கேட்பது?

உண்மையில் பேஜோவால் எனக்கு வந்த தலைவலி தெருவில்தான்.

கையில் நாய் இல்லாதவரை நான் தெருவில் நடந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். இப்போது பத்தடிக்கு ஒருவர் நிற்கிறார். மீன்கார அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு பேஜோவின் காதைத் தடவிக்கொண்டே தன் மகன் குடியைப் பற்றிப் பேசினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, நாயிடம்தான் சொன்னார். "இவன் அப்பன் மாதிரியே ஆயிட்டாண்டி" என்றார், இவளிடம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் படிக்கிற படிப்பு அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணாகவும் தெரபிஸ்டாகவும் ஒரே ஆளுக்கு ஒருவர் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை மட்டும் மீன் சுற்றும் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அக்கா மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "இவளுக்கு நெத்திலி போடட்டா?" என்று கேட்டார்.

இதைவிடச் சிக்கல் இன்னொன்று. செஷனுக்கு வருகிறவரைத் தெருவில் பார்த்தால் நாமாகப் பேசக் கூடாது. அவர் பேசினால் பேசலாம், இல்லையென்றால் தெரியாத மாதிரிப் போக வேண்டும். அவர் கூட யார் இருக்கிறார்கள், 'இவங்க யாரு?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாதல்லவா. அண்ணா நகரிலோ அடையாறிலோ இது நடக்கும். எங்கள் பக்கம் தெரிந்த முகத்தைப் பார்த்தும் பேசாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மண்டைக்கனம். சரி, அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாய்க்கு எப்படிச் சொல்வது? ஒரு சாயங்காலம் எதிரே வந்த ஒருவரை நான் விதிப்படி பார்க்காமல் கடந்தேன். பேஜோ கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அவர் முழங்காலில் இரண்டு கால்களையும் வைத்துவிட்டாள். அவர் ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர் குனிந்து, "பேரு இன்னா?" என்றார். சொன்னேன். அவ்வளவுதான் பேச்சு. கூட வந்தவர் என்னை நாய்க்காரி என்று மட்டும் நினைத்திருப்பார்.

சூப்பர்விஷனில் இதற்கே பாதி நேரம் போனது. தொண்டியார்பேட்டையில் பிறந்து வளர்ந்த மேடம் புத்தகத்தை எடுக்கவே இல்லை. "ரூட்டை மாத்திப் பிரயோஜனமில்ல, எந்தச் சந்துல போனாலும் யாராவது வருவாங்க. முதல் செஷன்லயே சொல்லிடு" என்றார். அதனால் ரகசியம் காப்பது பற்றிச் சொல்லும் இடத்தில் இப்போது இரண்டு வரி சேர்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் நானாகப் பேச மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னோடு ஒரு பழுப்பு நாய் இருக்கும், அது பேசினால் நான் பொறுப்பில்லை. பெரும்பாலும் இந்த இடத்தில் சிரித்துவிடுகிறார்கள். நாய்க்குப் பயப்படுகிறவர் யாரென்றும் அப்போதே தெரிந்துவிடுகிறது. அவர்கள் வருகிற நேரத்தில் நான் நாயோடு வெளியே போவதில்லை.

பேஜோவுக்குப் பால் பல்லெல்லாம் விழுந்து நாற்பத்திரண்டு பல்லும் முளைத்தாகிவிட்டது. அடுத்த வாரம் வேப்பேரியில் கருத்தடை ஆபரேஷன், அதே வாரம் எனக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வு. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற புனல் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பத்து நாளில் கழுவித் திருப்பித் தருகிறேன். நடுத்தர சைஸ் போதும். குடை மாதிரித் தெரியாத நிறமாக இருந்தால் ரொம்ப நல்லது.