சிதறால் மலையடியில் ஒரு புரை கட்ட நான் பட்ட பாடு

ரப்பர் ஷீட்டு, தேங்காய், நல்லமிளகு போட்டு வைக்க ஒரு புரை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் நிலம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கோயிலுக்குப் பக்கம். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்பதால் முதல் 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் எழுப்பக் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் என்றால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். விவசாயக் கிட்டங்கிதானே என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

இந்தத் தூரத்தைக் கோயில் சுவரிலிருந்து அளப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளப்பார்கள். போன் மேப்பை நம்பி வானம் தோண்டிவிடாதீர்கள்.

அப்புறம் பத்திரம். எங்கள் மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் இருந்த விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது, வேறு எதில் இருக்கும்? வெளி மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்திருந்த எழுத்தர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டிவிட்டு, "தமிழ்ல கொண்டாங்க சார்" என்றார். ஆள் தேடி மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரையும் வாங்கிக்கொண்டு போனால் அதே மனிதர், "பட்டாதான் உங்க பேர்ல இருக்கே, இது எதுக்கு?" என்கிறார். சிரிப்பதா அழுவதா!

வடிவமைப்பு மச்சினன் மகனுடையது, ஆர்க்கிடெக்ட். வெட்டுக்கல் சுவர், மேலே மெலிந்த இரும்புச் சட்டம், அதன்மேல் இடித்த வீட்டுப் பழைய ஓடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் திறப்பு, எலி வராமல் கம்பிவலை. பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்டங்களின் இடுக்கு வழியே காற்று வருகிறதே, அந்த வித்தைதான். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை பெய்கிற ஊரில் காற்றோட்டம் இல்லாவிட்டால் ஷீட்டில் பூசணம் பிடித்துவிடும். "கான்கிரீட்டில் ஒரு பெட்டி போட்டா சீக்கிரம் பாஸாகும்" என்று சொன்ன இன்ஜினியரை அன்றோடு விட்டுவிட்டேன்.

பெரிய அடி உயரத்தில் விழுந்தது. வரைபடத்தில் ஓட்டு முகடு வரைதான் உயரம் போட்டிருந்தது. முகட்டின் மேல் சுழன்று உள்காற்றை வெளியேற்றும் காற்றுருண்டையைச் சேர்க்கவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச்சுவர் என மேலே எது நின்றாலும் மொத்த உயரத்தில் சேரும். முதல் நாளே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "மாமா, உருண்டை இல்லாட்டியும் காத்து ஓடும்" என்றான் பையன். எடுத்துவிட்டோம்.

சட்டப்படி, விண்ணப்பத்தை வாங்குகிற தகுதிவாய்ந்த அதிகாரி அதை 15 நாளுக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும். அதிலிருந்து 1 மாதத்துக்குள் அந்த அதிகாரியின் முடிவு. கோப்பு ஒருமுறை திரும்பிவிட்டால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். உள்ளாட்சி அனுமதியில் சிக்கலே இல்லை.

சான்று கைக்கு வந்து, இப்போது கூரை ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய ஓடு வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுங்கள். நல்ல ஓடு கணீரென்னும். கீறல் விழுந்தது 'டொக்' என்னும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.