அந்த ஆயிரத்தில் அவள்

"அந்த ஆயிரம் பேர்ல நானும் உண்டாக்கா?"

நாகர்கோவில் பக்கத்துப் பெண். எங்கள் மருத்துவமனையில் செவிலியர் வேலைக்கு இங்கிலாந்து வந்து இறங்கி நான்காம் நாள். புதிதாக வருகிறவர்களுக்கு, ஊரில் ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம் என்று நான் காட்டும் ஸ்லைடைப் பார்த்து, பேப்பர் கப்பில் டீயைப் பிடித்தபடி கேட்டாள். "உண்டும்மா" என்று சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். ஆறுதலுக்குச் சொன்னது என்று வைத்துக்கொண்டாலும், தகவலாகவே அது தப்பு.

அதற்கு முன் அவள் கேட்டது எல்லாரும் கேட்பதுதான். லாங் டே எனும் நீண்ட பகல் ஷிப்டை முடித்து, அடுத்த ஷிப்டுக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்து, இரவு எட்டேகாலுக்கு வெளியே வந்தால் வீட்டுக்கு நடந்து போகலாமா? கடைசி பஸ் அதற்குள் போயிருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. 2024 ஆகஸ்ட் கலவரங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைகள், இங்கே செவிலியராகப் பதிவதற்கான ஆஸ்கி செய்முறைத் தேர்வைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்கிறார்கள். சண்டர்லாந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் தாக்கப்பட்டதும், டாம்வொர்த்தில் அடைக்கலம் கோரியவர்கள் இருந்த ஓட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்ததும் அவர்களுடைய அம்மாக்களின் போனில் இன்னும் இருக்கிறது.

நான் எண்ணைச் சொன்னேன். ஆயிரம் பேருக்கு வருடத்தில் இத்தனை குற்றம், பெரிய நகரங்களைவிட இந்த ஊரில் குறைவு என்று. பொய் இல்லை. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது.

போலீஸ் பதிவு செய்த குற்றங்களை ஊரில் குடியிருப்பவர்களின் தொகையால் வகுக்கிறார்கள். கணக்குக்காக ஓர் ஊர்: 20,000 பேர், 2,000 பதிவுகள், ஆயிரத்துக்கு 100. வகுக்கும் எண்ணில் குடியிருப்பவர்கள் மட்டும்தான். ஸ்கெக்னெஸ் மாதிரிக் கடற்கரை ஊரில், கோடையில் வந்து குடித்துச் சண்டை போடுகிறவன் மேலே சேருவான், கீழே சேரமாட்டான். லண்டனுக்கு நடுவே இருக்கிற சிட்டி பகுதியில் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். தினமும் வேலைக்கு வருகிறவர்கள் பல லட்சம். அங்கே விகிதம் வானத்தில் நிற்கும். இந்த ஊர் போன்ற சந்தை ஊரிலும், வெள்ளி ராத்திரி சுற்றுக் கிராமங்களிலிருந்து பப்புக்கு வருகிறவர்கள் விகிதத்தை ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி சதுக்கத்தைச் சுற்றி, பப் மூடும் நேரத்தில், சில தெருக்களில் நடப்பது. ஆகவே பயப்பட வேண்டாம் என்பது என் வாதம்.

அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். வகுக்கும் எண் முந்தைய ஏதோ ஓர் ஆண்டின் நடுவில் எடுத்த மதிப்பீடு. நான்கு நாளைக்கு முன் பிர்மிங்காமில் இறங்கியவள் அதில் இல்லவே இல்லை.

பிள்ளைகள் சும்மாவும் இருப்பதில்லை. பதிவான குற்றங்களைப் புள்ளிகளாகக் காட்டும் போலீஸ் டாட் யூகே வரைபடத்தைப் போனில் திறந்துகொண்டு வருவார்கள். 2011 ஜனவரியில் வந்தது அது. மாதம் ஒருமுறை புதுப்பிப்பார்கள், சுமார் இரண்டு மாதம் பின்தங்கி. அதில் புள்ளி இருக்கிற இடம் குற்றம் நடந்த இடம் இல்லை. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காணக்கூடாது என்று, முன்பே குறித்துவைத்த ஒரு புள்ளிக்கு நகர்த்திவிடுவார்கள். அந்தப் புள்ளியின் வட்டாரத்தில் குறைந்தது எட்டு முகவரிகள் இருக்க வேண்டும், அல்லது ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதனால்தான் 'இன்ன தெருவில் அல்லது அருகே', 'சூப்பர்மார்க்கெட்டில் அல்லது அருகே' என்று போடுகிறார்கள். "அக்கா, நான் எடுத்திருக்கிற வீட்டு வாசல்லயே புள்ளி இருக்கு" என்று அழாத குறையாக ஒருத்தி போன் செய்ததுண்டு. தெருவின் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே வீடு எடுத்ததுதான் அவள் செய்த தப்பு.

வகைகளும் அப்படித்தான். 'வன்முறை மற்றும் பாலியல் குற்றங்கள்' என்று ஒரே பெட்டி. கத்திக்குத்து, காயம்படாத அடி, மிரட்டல் மெசேஜ் எல்லாம் அதற்குள்ளேயே. பதிவாகும் வன்முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடும்பத்துக்குள் நடப்பது. தெருவில் நடந்து போகிறவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோசடியோ அந்த வரைபடத்திலேயே கிடையாது. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பில் மொத்தக் குற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு வருவது அதுதான். புதிதாக வந்தவர்களை உண்மையில் அடிக்கிறதும் அதுவே: பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்புவது, விசா கொடுக்கிற ஹோம் ஆபீசிலிருந்து பேசுகிறோம் என்று மிரட்டுகிறவனுக்குக் கார்டு நம்பரைக் கொடுப்பது. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, வாங்கிய 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டுவிட வேண்டும் என்பதை நான் மூன்று முறை சொல்வேன்.

வரைபடத்தில் எண் குவிந்து கிடக்கிற இடங்களில் ஒன்று எங்கள் மருத்துவமனை. ஏ அண்ட் ஈ எனும் அவசரப் பிரிவில் குடிபோதைச் சண்டை, வார்டில் ஊழியர்மேல் கைவைப்பது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நடத்தும் ஊழியர் கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர், அந்த ஆண்டில் நோயாளியாலோ உடன் வந்தவராலோ அடி வாங்கியதாகச் சொல்கிறார்கள். அவசரப் பணியாளர்களைத் தாக்குவதற்கென்றே 2018-ல் தனிச் சட்டம் வந்தது. செவிலியரும் அதில் அடக்கம். வீட்டுக்குப் போகும் வழியைப் பற்றிப் பயந்து கேட்கிற பெண்ணிடம், அதைவிட நீ வேலை செய்கிற வார்டில்தான் அடிபட வாய்ப்பு அதிகம் என்று எப்படிச் சொல்வது? நான் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. நாளைக்குத் தோன்றாமலும் போகலாம்.

எண்ணைவிட எனக்கு நம்பிக்கையுள்ளது சில்லறை விஷயங்கள்தான். அன்றைக்கு அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு ஸ்டீல் சம்படம் வெளியே வந்தது. சாப்பாட்டுக்குப் போட்டுக்கொள்ளும் பொடி என்று நினைத்தேன். திறந்தால் வெறும் மிளகாய்ப்பொடி. "அம்மா தந்து விட்டது. ஆபத்துன்னா கண்ணுல போடச் சொன்னாவ." நல்லவேளை, பெப்பர் ஸ்ப்ரே கொண்டுவரவில்லை. நம் ஊரில் கடையில் வாங்கலாம். இங்கே 1968 ஆயுதச் சட்டத்தின்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதம், துப்பாக்கி வைத்திருப்பதுபோலவே வழக்கு. மிளகாய்ப்பொடி சமையலறையில் இருந்தால் மசாலா. யார்மேலாவது வீசத்தான் என்று பையில் வைத்திருந்தால், 1953 சட்டப்படி தாக்கும் ஆயுதம். எண்ணம்தான் பொருளை ஆயுதமாக்குகிறது. தற்காப்புக்குத்தான் என்று நீயே வாயால் சொன்னால் அதுவே ஒப்புதல் மாதிரி ஆகிவிடும் என்று விளக்கினேன். கையில் பிடிக்கிற அலாரம் வைத்துக்கொள்ளலாம், ஊசியை இழுத்தால் கத்தும். சம்படத்தை மூடினாள். அவள் முகத்தில் இருந்தது நிம்மதி இல்லை.

பிறகு கதவு. இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கதவு. சாத்தினால் பூட்டிவிட்டது என்று நினைக்கிறார்கள். சாத்தும்போது விழுவது ஒரு சின்ன நாக்கு மட்டும். கைப்பிடியை மேலே தூக்கினால்தான் மேலிருந்து கீழ்வரை கொக்கிகள் சட்டத்துக்குள் போகும். அதன்பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். தூக்காமல் விட்ட கதவு திறந்த கதவு. அடுத்தது உருளைப்பூட்டு: கைப்பிடித் தகட்டைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இடுக்கியால் பிடித்து நடுவில் ஒடித்துவிடலாம். மூன்று நட்சத்திரம் பொறித்த உருளை போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கார் சாவியைக் கதவுப் பக்கத்தில் மாட்டக்கூடாது, தபால் துளை வழியாகக் கம்பி விட்டு எடுப்பார்கள். வார்டில் முழங்கைக்குக் கீழே சாதா மோதிரம் தவிர வேறு நகை கூடாது; செயினும் கழற்ற வேண்டியிருக்கும். ஆக நகையெல்லாம் வீட்டில்தான் தங்கும். நம்மவர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும், தீபாவளி நெருங்கும்போது போலீசே எச்சரிக்கிறது. கொண்டுவராமல் இருப்பதே நல்லது. கொண்டுவந்தால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இன்சூரன்சில் ஒரு பொருளுக்கு எவ்வளவு உச்சவரம்பு என்று பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக வழி. ஆற்றோரப் பாதையில் போனால் பன்னிரண்டு நிமிடம், விளக்கு இல்லை. மெயின் ரோட்டில் இருபது, விளக்கு உண்டு. மெயின் ரோட்டில் போ என்றேன். யாரும் அதைத்தான் சொல்வார்கள். (விளக்கு விஷயத்திலும் ஒரு சிக்கல்: இங்கிலாந்து, வேல்சில் 62 உள்ளாட்சிகளை எடுத்து 2015-ல் வெளியான ஆய்வில், தெருவிளக்கைக் குறைத்ததால் குற்றம் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடக்கிறவர்களின் பயம் கூடியதா என்பது வேறு கேள்வி.)

மூன்று வாரம் கழித்து மெயின் ரோட்டில்தான் நடந்தது. பின்னாலிருந்து வந்த கார் மெதுவானது, கண்ணாடி இறங்கியது, ஒரு வார்த்தை, கூடவே ஒரு முட்டை. தோளில் பட்டது. ஆற்றோரப் பாதையில் கார் வராது.

எனக்குத் தெரிந்தது மேலும் ஆறு வாரம் கழித்து, உடன் தங்கியிருந்த பெண் வாய்தவறிச் சொன்னதால். அதற்குள் இவள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் டாக்சியில் போய் வந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது ஒண்ணும் இல்லக்கா, முட்டைதானே. கோட்டைத் துவைச்சாச்சு."

முட்டை மட்டுமில்லை. தோளில் பட்டாலே அது தாக்குதல். அந்த வார்த்தையோடு சேர்ந்தால், 1998 சட்டப்படி இனவெறியால் கடுமையாக்கப்பட்ட தாக்குதல், கூடுதல் தண்டனைக்குரியது. இதையெல்லாம் சொன்னேன். உடனடி ஆபத்துக்கு 999. மொபைலிலிருந்து அழைத்துப் பேச முடியாத நிலை என்றால், பதிவுக்குரல் சொன்னவுடன் 55 அழுத்த வேண்டும், லேண்ட்லைனில் அது வேலை செய்யாது. நடந்து முடிந்ததற்கு 101, அல்லது ஆன்லைன் படிவம். குற்றப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கார் நம்பரில் பாதி நினைவிருந்தாலும் போதும். கடை கேமராப் பதிவுகள் பெரும்பாலும் ஒரு மாதம்தான் நிற்கும், ஆகவே அன்றே சொல்ல வேண்டும். நான் இதைச் சொல்லும்போது அந்த ஒரு மாதம் தாண்டியாகிவிட்டது.

"போலீஸ் கேஸ்னு ஆனா விசாவுக்குப் பிரச்சனை வராதாக்கா?"

வராது. புகார் கொடுப்பவள் பாதிக்கப்பட்டவள். நூறு தடவை சொல்லியிருப்பேன். நம் ஊரில் ஸ்டேஷன் வாசலை மிதிப்பதே அவமானம் என்று வளர்ந்தவளிடம் அந்த நூறும் எடுபடவில்லை. "வேண்டாம்க்கா, விட்டுருங்க. அம்மைக்குத் தெரிஞ்சா உடனே திரும்பி வரச் சொல்லுவா."

விட்டுவிட்டேன்.

அங்கேதான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். லண்டனில் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞன் ஸ்டீபன் லாரன்ஸின் கொலை விசாரணை பற்றி 1999-ல் வந்த மேக்பர்சன் அறிக்கை ஒரு வரையறை கொடுத்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறி என்று கருதினால் அது இனவெறிச் சம்பவம். இன்றும் போலீஸ் அதைத் தழுவித்தான் பதிவு செய்கிறது. வேறு எவருமோ. நான் அந்த வேறு எவரும். அவள் பெயரே இல்லாமல், இந்தத் தேதி, இந்த ரோடு, இப்படி நடந்தது என்று நானே படிவத்தை நிரப்பியிருக்கலாம், பத்து நிமிட வேலை. யாரும் பிடிபட்டிருக்க மாட்டார்கள். 'விசாரணை முடிந்தது, சந்தேக நபர் தெரியவில்லை' என்று மூடியிருப்பார்கள். ஆனாலும் அந்த ரோட்டின்மேல் ஒரு புள்ளி விழுந்திருக்கலாம்.

வேண்டாம் என்று அவள் சொன்னபிறகு செய்வது துரோகம் என்று ஒரு பக்கம். அவளுக்காகவா விட்டேன், அடுத்த அணிக்குக் காட்ட வேண்டிய எண் கெட்டுவிடும் என்றா விட்டேன் என்று இன்னொரு பக்கம். இரண்டாவது அநியாயமான சந்தேகம்தான், ஒரு புள்ளியால் எந்த விகிதமும் அசையாது. இருந்தும் போகமாட்டேன் என்கிறது.

பதிவாவதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் ஒன்றும் ரகசியமில்லை. 2014-ல் போலீசைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு சோதித்தபோது, மக்கள் வந்து சொன்ன குற்றங்களிலேயே 19 சதவீதம் பதிவாகவில்லை, வன்முறையில் 33 சதவீதம். அதே ஆண்டு அந்தப் புள்ளிவிவரத்துக்கு இருந்த தேசியத் தரமுத்திரையையும் எடுத்துவிட்டார்கள். பிறகு ஒழுங்காகப் பதியத் தொடங்கியதும் வன்முறை எண் ஏறியது. அடி ஏறியதா, எழுதுவது ஏறியதா என்று பிரிக்கவே தனியாக ஒரு படிப்பு வேண்டும். வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்போ, 1995-ல் உச்சம் தொட்ட குற்றம் அதன்பிறகு வெகுவாக இறங்கியது என்கிறது. அதையும் நம்புகிறேன். கொலை விகிதம் பத்து லட்சம் பேருக்குப் பத்துக்கும் குறைவுதான். சின்ன ஊர், ராத்திரி எட்டேகால், நடந்து போகலாம். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அவள் கேட்ட ஆயிரத்தில் அவள் இல்லை. கீழே, வகுக்கும் எண்ணில் இன்னும் சேரவில்லை. மேலே, குற்றத்தில், நான் சேர்க்கவில்லை.

அந்த மாதத்து வரைபடம் வெளியானதும் திறந்து பார்த்தேன். மருத்துவமனையில் வழக்கம்போல ஒரு குவியல், சதுக்கத்தில் ஒரு குவியல். மெயின் ரோட்டின் அந்தத் துண்டில் ஒன்றும் இல்லை. புதிய ஆண்டு எண்ணும் வந்துவிட்டது, சற்றுக் குறைந்திருக்கிறது. ஸ்லைடில் மாற்றிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வருகிறார்கள்.