ஆத்துத் தண்ணியில் அழுக்கெடுத்த தம்பி

டை கட்டின பையன் ஒருத்தன் வாசல்ல நிக்கான்னு ஆச்சி வந்து சொன்னதுமே இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தண்ணி சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்க வந்த தம்பி. பெருமாள்புரத்து வெயிலில் டையோடு அலைகிறவனைத் திருப்பி அனுப்ப ஆச்சிக்கு மனசு வருமா? உட்கார வைத்து மோர் கரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் போர் தண்ணியில் மீட்டரை விட்டான். டி.டி.எஸ்., அதாவது தண்ணியில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 1100 காட்டியது. "500க்கு மேல போனாலே விஷம் ஆச்சி." உடனே பேப்பருக்குப் பின்னாலிருந்து, "வேற தண்ணி கிடைக்காத இடத்துல 2000 வரைக்கும் போகலாம்னுதான்டே தர நிர்ணயத்துல போட்டிருக்கு" என்று ஒரு குரல். ஆச்சி அசரவே இல்லை. அதை எங்கள் வீட்டில் யார் குடிக்கிறார்கள்? அது சோப்பு நுரைக்காத தண்ணி, பருப்பை வேகவிடாத தண்ணி, எவர்சில்வர் வாளிக்கு வெள்ளையடிக்கிற தண்ணி, என் முடி கொட்டுவதற்கெல்லாம் (வயசை விட்டுவிட்டு) நான் பழி போடுகிற தண்ணி. ஹீட்டர் கம்பியைப் பார்த்தால் யாரோ மாவுக்கட்டு போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

"அப்ப குடிக்கிற தண்ணியைக் கொண்டாங்க" என்றான். அது ஆத்துத் தண்ணி, மீட்டர் அதிகம் ஏறவில்லை. விடுவானா, பையிலிருந்து கம்பி வைத்த ஒரு பெட்டியை எடுத்தான். எங்கள் தண்ணி ஒரு கிளாஸில், அவன் கொண்டுவந்த மெஷின் தண்ணி இன்னொன்றில். சுவிட்சைப் போட்டதும் எங்கள் கிளாஸ் மட்டும் சாக்கடை நிறத்துக்கு மாறியது. ஆச்சி முகத்தைப் பார்க்கணுமே! பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தாமிரபரணியை, அல்வாவுக்கே ருசி கொடுக்கிறதென்று ஊரே மெச்சுகிற தண்ணியை, நேற்றுப் பிறந்த பயல் அழுக்கென்கிறான்.

"அப்படி என்ன அமிர்தம் வச்சிருக்கே" என்று அவன் பாட்டிலிலேயே கொஞ்சம் வாங்கிக் குடித்துப் பார்த்தாள். சப்பென்று இருந்ததாம். கையில்தான் மோருக்கு எடுத்த உப்பு இருக்கிறதே, அவனுடைய கிளாஸிலேயே ஒரு சிட்டிகை போட்டுவிட்டாள். வீட்டுச் சின்னது சும்மா இருக்குமா, சுவிட்சைத் தட்டிவிட்டது. சுத்தத் தண்ணி எங்களுடையதைவிடக் கருத்துப்போச்சு.

அப்போதுதான் பேப்பர் இறங்கியது. உப்பிருந்தால்தான் தண்ணியில் கரண்டு பாயும், கரண்டு பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும், அந்தக் கலரெல்லாம் கம்பியோட துருதான்டே என்று இவர் பாடம் எடுக்க, தம்பி மோரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குடம் நல்ல தண்ணிக்கு அதைவிட அதிகமாக வெளியே கொட்டுமாமே என்று ஆச்சி கேட்டதற்கும் பதிலில்லை.

திசையன்விளைப் பக்கமாம் அவனுக்கு, நிலத்தடித் தண்ணி உப்புக் கரிக்கிற ஊர். போகும்போது காலி பாட்டிலை நீட்டி, "ஆச்சி, ஆத்துத் தண்ணி கொஞ்சம் ஊத்துங்க" என்றான். ஊற்றிக்கொண்டே, "அந்த ஹீட்டர் கம்பிக்கு ஒரு வழி சொல்லுடே" என்றாள். "எலுமிச்சம்பழச் சாத்துல ஊறப்போடுங்க, சுண்ணாம்பு கழண்டுரும்."

கழண்டுவிட்டது. ஊறுகாய்க்கென்று இவர் வாங்கி வைத்திருந்த புளியங்குடிப் பழத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. மெஷினே வாங்கியிருக்கலாம் என்று இப்போது புலம்புகிறார்.