கொரியன் புல்லுக்கு நடுவே கொழுக்கட்டைப்புல்

காங்கேயம் பக்கம் கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டை, மனை பிரித்து விற்ற இடத்தில் வீடு கட்டி, வாசலில் லான் போட நினைக்கிறவர்களுக்கு இது உதவும். நாங்கள் பாய் பாயாகக் கொரியன் புல் வாங்கி விரித்தோம், நன்றாகவே பிடித்தது. ஐப்பசி மழை விழுந்ததும் நடுநடுவே முரட்டுத் தூராகக் கொழுக்கட்டைப்புல் கிளம்பிவிட்டது. கிளம்பாமல் என்ன செய்யும், காலங்காலமாக அந்த மண்ணில் இருந்ததே அதுதானே. போதாததற்கு மேற்கே கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் இன்னமும் மேய்ச்சல் காடு, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடிக்குச் சுணை விதை பறந்து வந்து வாசலில் விழும், செம்மறி ஆட்டு மயிரிலும் நம் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

மெஷின் விட்டு வெட்டினால் போய்விடும் என்பார்கள். போகாது. மட்டமாக வெட்ட வெட்டத் தரையோடு படுத்து அகலமாகத் தூர் கட்டும். கொரியன் புல் மெதுவாக வளர்கிற ஜாதி என்பதால், வெட்டிய கொஞ்ச நாளிலேயே இது மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பூச்சிமருந்துக்கடையில் கேட்டதற்கு 2,4-டி என்ற களைக்கொல்லியை எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அது அகல இலைக் களைக்கானது. சோளக்காட்டில் அடிக்கிறோம், சோளத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, காரணம் சோளமும் புல் இனம். அப்புறம் கொழுக்கட்டைக்கு மட்டும் என்ன ஆகிவிடும்? கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியை அடித்தால் சாகும், பக்கத்தில் இருக்கும் கொரியன் புல்லும் சேர்ந்து சாகும். தவிர, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. ஆக, புல்லுக்குள் இருக்கும் புல்லை எடுக்கக் கைவேலைதான்.

சரி, எப்படித் தோண்டுவது? மழை விட்ட மறுநாள் நல்லது, மழை இல்லாவிட்டால் முந்தின நாள் சாயங்காலமே தூரைச் சுற்றித் தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும், காய்ந்த சரளை மண்ணில் களைக்கொத்து இறங்காது. கையால் இழுத்தால் தாள் மட்டும் பிய்ந்து வரும். தூரின் அடியில், மண்ணை ஒட்டி, சின்ன வெங்காயம் போல முட்டு முட்டாகப் பருத்திருக்கும், மறுபடி துளிர்ப்பது அங்கிருந்துதான். அதனால் தாள்களை ஒரு கையில் மொத்தமாகப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஒரு சாண் விட்டுக் கொத்தை இறக்கி, அந்த முட்டு ஒன்றுகூட மிஞ்சாமல் நெம்பி எடுக்க வேண்டும். கீழே போகும் வேர் எத்தனை அடி ஆழமானாலும் கவலையில்லை, அறுந்து கிடந்தால் மக்கிப்போகும். கிழட்டுத் தூருக்குக் கடப்பாரைதான் சரிப்படும். நடைபாதைக் கல்லை ஒட்டி இருந்தவைதான் உயிரை வாங்கின, கல்லைப் பெயர்த்துத்தான் எடுக்க முடிந்தது.

குழியில் செம்மண்ணும் மணலும் கலந்து கொட்டி, நன்றாக மிதித்து, லானின் ஓரத்திலிருந்தே கையகலத் துண்டுகளாகக் கொரியன் புல்லைப் பெயர்த்து வைத்தேன். மூடிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வெறும் மண்ணில் விதை முளைத்துக்கொண்டே இருக்கும், குட்டியாக இருக்கும்போதே இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, காட்டுல இந்தப் புல்லு கெடைக்காம நாங்க அல்லாடறோம், நீங்க தோண்டிக் கொட்டறீங்களே" என்றார். காங்கேயம் மாட்டுக்கு இதைவிட நல்ல மேய்ச்சல் ஏது, அவர் சொல்வது நியாயம்தான். தாளை எல்லாம் அறுத்து அவருக்கே கொடுத்துவிட்டேன்.

இப்போது மேற்கு ஓரம் தவிர மற்ற இடம் சுத்தம். அந்த ஓரத்தில் மட்டும் காற்றுக் காலம் முடிந்து மழை பெய்ததும் குனிந்து ஒரு சுற்றுப் பார்க்கிறேன், கதிர் தள்ளுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் வேலை கொஞ்சம்தான்.