விதைச் சொம்பு

அப்பா மூன்று நாட்களாக யாரிடமும் பேசவில்லை. காணாமல் போன கோப்பை கிடைத்துவிட்டது, அதனால்.

1995-ல் கோபிப் பக்கம் நடந்த பூப்பந்துப் போட்டியில் எங்கள் ஊர் ஜெயித்த சுழற்கோப்பை அது. மறுவருடம் திருப்பித் தர வேண்டிய நேரத்தில் காணவில்லை. தோற்ற அணியில் ஆடியவர் மாமா. ஆட்டம் 29 புள்ளிக்கு. அவர்கள் 27-ல் நின்றார்கள். எடுத்தது மாமாதான் என்று அப்பா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். (இப்போது 35 புள்ளியாம். 29-ஐத் தாண்டினால் அது ஆட்டமல்ல, கூலி வேலை என்பது அப்பாவின் கட்சி.) தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த விளையாட்டு, எங்கள் ஊரில் கடலைக்காய் காயும் களத்தில் வளர்ந்து, கடைசியில் இப்படிக் குடும்ப வழக்காகிப் போனது.

அக்கா கல்யாணத்தில் மாமா சீர்த்தட்டுகளை இறக்கும்போது, "அந்தக் கோப்பையையும் ஒரு தட்டில் வைத்திருக்கலாமே மாப்பிள்ளை" என்று அப்பா சபையில் கேட்டார். பந்தியில் பருப்புக்கு நெய் ஊற்றும் வரை யாருக்கும் மூச்சு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடு மாற்ற வந்தவர்கள், அட்டாலி மூலையில் ஏதோ இருக்கிறது என்றார்கள். இறக்கினேன். ஒரு காது உடைந்திருந்தது. மூடியைச் சுற்றி மெழுகிய சாணி கல்லாகக் காய்ந்திருந்தது. அம்மா கத்தி முனையால் நெம்பினார். உள்ளே சாம்பல், வேப்பிலைச் சருகு, அடியில் அவரை விதை.

அப்பத்தா!

மூடியோடு ஒரு பாத்திரம் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. ஆனால் அன்றைக்கு லாந்தரைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தறி வரை வந்து எல்லோருக்கும் வெளிச்சம் காட்டியவரும் அவர்தான். பொய்யில்லை. ஊரே தேடியது கோப்பையை. அட்டாலியில் இருந்தது அவருடைய விதைச் சொம்பு.

"அவன்தான் ஏறி வைத்திருப்பான்" என்றார் அப்பா.

"சாம்பல் போட்டு, சாணி மெழுகியா?" என்றார் அம்மா. அதோடு அப்பா வாயை மூடியவர்தான்.

நேற்று மாமா வந்தார். கையில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. முப்பது வருடக் கணக்கை வட்டியோடு கேட்பார் என்று நான் திண்ணையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். புளி போட்டு விளக்கிய கோப்பை மேசைமேல் பளபளத்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முறத்தில் கொட்டியிருந்த விதைக்குள் கையை விட்டு, சாம்பலை ஊதினார்.

"அத்தை கை அவரை" என்றார்.

அப்பத்தா போய் ஆறு வருடம் ஆகிறது. முப்பது வருட விதை முளைக்காது என்று மாமாவுக்குத் தெரியாதா? அவர் விவசாயி. இருந்தும் ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்துகொண்டார். அப்பா எழுந்துபோய் இன்னொரு பிடி அள்ளி வந்து, அந்த முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்.