பத்திரிகை வைக்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற வேலை என்னிடம் வந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் அம்மாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடலூரில் மஞ்சக்குப்பம், முதுநகர், வெளியே நெல்லிக்குப்பம், பண்ருட்டி, அப்புறம் புதுச்சேரி என்று ஐந்து ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன். வைகாசியில் முகூர்த்தம், ஆகவே எல்லாம் சித்திரை வெயிலில்.

முதலில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது பாடலீஸ்வரருக்கு, மூன்றாவது திருவந்திபுரம் பெருமாளுக்கு. அதன் பிறகுதான் மனுஷங்க, அதிலும் தாய்மாமன் வீடு முந்தி.

நேரம்தான் பெரிய பாடு. ஆட்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை, ஆனால் அன்றைக்கு 12 முதல் 1.30 வரை எமகண்டம், 4.30 முதல் 6 வரை ராகு காலம், இடையில் கிடைக்கிற நேரத்தில் ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். முதுநகரில் ஒரு சித்தப்பா வீட்டுத் தெருவுக்குப் போய்ச் சேரும்போது மணி 4.35. அம்மா வாசல்படி ஏற மறுத்துவிட்டார். தெருமுனைப் பிள்ளையார் கோவில் திண்ணையில் உட்கார்ந்தோம். பால் வாங்க வந்த சித்தப்பா எங்களைப் பார்த்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை, மாங்காய் விலை, அப்பாவின் முழங்கால் எல்லாம் பேசினார்கள், கல்யாணத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு எழுந்து முன்னால் போனவர், ஆறு அடித்ததும் வாசலில் நின்று, "அடடே, வாங்க அண்ணி, என்ன இந்தப் பக்கம்?" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு நிஜமான ஆச்சரியம்! எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

பத்திரிகையைச் சும்மா கையில் கொடுத்துவிட முடியாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வைத்து நீட்ட, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நின்று வாங்க வேண்டும். அவர் குளிக்கப் போயிருந்தால் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். "முதல் நாளே வந்துடணும், நீங்கதான் நின்னு நடத்திக் கொடுக்கணும்" என்று அம்மா எல்லா வீட்டிலும் சொன்னார், ஒரு வீட்டில்கூடக் குரல் இறங்கவில்லை. காபி வேண்டாம் என்று சொல்லவே கூடாது, அதனால் மூன்றாவது வீட்டிலிருந்து நாங்களே மோர் கேட்டு வாங்கிக்கொண்டோம். பண்ருட்டியில் முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதை என் காலுக்கு நடுவில் வைத்து, பத்திரிகைப் பையை அம்மா மடியில் வைத்து, முள் முழங்காலில் குத்தக் குத்த கடலூர் வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்தேன்.

புதுச்சேரி அத்தைக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். போனில் "ம், பார்த்தேன்" என்றதோடு சரி. நேரில் போய் நின்றதும் அதே அத்தை பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நேரில் போய் அழைக்கிற வழக்கத்தை யாரும் விட்டுவிடாதீர்கள்.

கடைசி வீடு வண்டிப்பாளையத்தில், கல்லோடு மிதந்து வந்த அப்பர் கரையேறியதாகச் சொல்கிற குப்பத்துப் பக்கம். பெரிய பாட்டிக்கு நடக்க முடியாது. கண்ணாடி போட்டு, விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார், தாத்தா பெயருக்கு முன்னால் அச்சாகியிருந்த 'தெய்வத்திரு' மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் பத்திரிகையை மடித்தார்.

"வண்டி எத்தனை மணிக்கு அனுப்புற?"