வீட்டின் மேல் அல்ல, பெயரின் மேல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுப் பத்திரம் மாற்றிக் கொடுக்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன் என்பதால், எங்கள் குடும்பத்தில் யார் எந்த நாட்டில் வீடு வாங்கினாலும் காகிதங்கள் என் கைப்பேசிக்கு வந்துவிடும். சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து சித்தி மகன் ஒரு பக்கத்தை அனுப்பி, "அக்கா, நான் பேசி முடித்த வீட்டின் மேல் மத்திய அரசின் வரிப் பாக்கி இருக்கிறதாம், விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருந்தான். பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் வீடே இல்லை.

வரிப் பற்றுரிமை அறிவிப்பு, அதாவது பாக்கிக்காக ஒருவரின் சொத்தின் மேல் அரசுக்கு உரிமை உண்டு என்ற அறிவிப்பு, என்று அங்கே மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பதிவு செய்யும் படிவம் அது. வரி செலுத்த வேண்டியவரின் பெயர், குடியிருக்கும் முகவரி, எந்த வரி, எந்தக் காலம், வரி விதித்த நாள், பாக்கித் தொகை ஆகியவை கட்டம் கட்டமாக இருக்கின்றனவே தவிர, எந்த மனை, எந்தக் கட்டடம் என்று ஒரு வரிகூட இல்லை. சட்டப்படி அது தேவையும் இல்லை. வரியை விதித்து, கட்டச் சொல்லிக் கேட்டும் ஒருவர் கட்டாவிட்டால், விதித்த நாளிலிருந்தே அவருடைய எல்லாச் சொத்தின் மேலும், பின்னால் வாங்கப்போகும் சொத்தின் மேலும், அரசின் பற்றுரிமை தானாக விழுந்துவிடுகிறது. ஆனால் அறிவிப்பைப் பதிவு செய்யாதவரை, விலை கொடுத்து வாங்குபவரையும் அடமானம் பிடிக்கும் வங்கியையும் அது கட்டுப்படுத்தாது. வீடு நிலத்தைப் பொறுத்தவரை அந்தப் பதிவு பெரும்பாலும் மாவட்டப் பதிவாளரிடம்தான் நடக்கிறது.

எங்கள் ஊரில் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகவே படும். இங்கே ரேட்ஸ் எனப்படும் நகராட்சிச் சொத்துவரியின் பாக்கி அந்தந்த மனையோடு ஒட்டிய கடன். கடைசி இரண்டு ஆண்டுப் பாக்கி தீர்ந்ததென்று 2000ஆம் ஆண்டின் 32ஆம் சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகம் பெயரை மாற்றித் தராது. அதற்கு முந்தைய பழம்பாக்கி புதிய உரிமையாளரைத் தொடராது என்று 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லிவிட்டது. அமெரிக்கப் பதிவாளரோ இந்த மத்திய அரசு வரிப் பாக்கிக்காகப் பத்திரத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. உரிமை கைமாறும், பதிவான பற்றுரிமையும் வீட்டோடு கூடவே வரும். தேடிப் பார்க்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு, அதுவும் மனையை வைத்து மட்டுமல்ல, விற்பவரின் பெயரை வைத்தும்.

பெயரை நம்புவதில் உள்ள ஆபத்தைக் கவுண்டர் கோவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் ஏட்டில் ஏறிய எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடையாள எண் ஒன்று இல்லாவிட்டால் எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோவெண்டரின் கோப்பு எதுவென்றே பிரிக்க முடியாது. ஓர் எழுத்துப் பிழைக்காக அறிவிப்பு செல்லாமல் போய்விடும் என்றும் அங்கே எண்ண முடியாது. மிச்சிகன் நிறுவனம் ஒன்றின் பெயரைச் சுருக்கி எழுதிய அறிவிப்பும் செல்லும் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

தம்பியிடம் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். விற்பவரின் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அறிவிப்போடு ஒத்துப் பார்க்க, வீட்டின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தரும் உரிமைக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்பது ஒன்று. அவரேதான் என்று தெரிந்தால், விற்கிற பணத்திலிருந்து பாக்கியைக் கட்டிவிட்டோ, இந்த ஒரு வீட்டை மட்டும் விடுவிக்க ஐ.ஆர்.எஸ்.ஸிடம் விண்ணப்பித்தோதான் மேலே போக வேண்டும் என்பது மற்றொன்று. படிவத்தில் உள்ள தொகையை மட்டும் நம்ப வேண்டாம், அதன் பிறகு ஏறும் வட்டியும் அபராதமும் அதில் சேர்ந்திருக்காது என்றும் எழுதினேன்.

எண்கள் ஒத்துப்போகவில்லை. அந்தக் கடனாளி நான் இல்லை என்று விற்பவர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். சென்ற வாரம் வீடு தம்பி பெயருக்கு மாறிவிட்டது. அறிவிப்பு மட்டும் அந்த மாவட்டப் பதிவேட்டில் அதே பெயரில்தான் இருக்கிறது. மறுபதிவுக்குக் கடைசி நாள் என்று வரி விதித்த நாளிலிருந்து பத்து ஆண்டும் முப்பது நாளும் கழித்து ஒரு தேதி போட்டிருக்கிறது. யாரும் மீண்டும் பதியாவிட்டால், அதற்கு மறுநாள் அந்தத் தாளே விடுதலைச் சான்றாகிவிடும். அதுவரை அந்தப் பெயர் கொண்ட ஒவ்வொருவரும் வீடு விற்கும்போது இதே உறுதிமொழியை எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.